மொழிபெயர்ப்பாளர் சம்மதம் போதுமா?

கேள்வி: சென்னையில் சிறு நாடகக் குழு நடத்துகிறோம். சமகாலக் கொரிய நாடகம் ஒன்றை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கி, கதையை மதுரைக்கு மாற்றி, 200 ரூபாய் டிக்கெட்டில் போடப் போகிறோம். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் மின்னஞ்சலில் சம்மதித்துவிட்டார். போதுமா?

பதில்: போதாது. அவர் தந்தது தன் ஆங்கிலத்துக்கான சம்மதம். நாடகம் ஆசிரியருடையது. மொழிபெயர்க்க, தழுவ, மேடையேற்ற அவருடைய கையெழுத்தும் வேண்டும். கொரியத்திலிருந்து நேரடியாகத் தமிழாக்கினால் ஆசிரியர் மட்டும் போதும். நூலை வெளியிட்ட பதிப்பகத்திடம் பெரும்பாலும் அச்சு உரிமைதான் இருக்கும்.

'ஆசிரியரை நன்றாகத் தெரியும், முன்பணம் கொடுங்கள், வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் வருவார். ஆசிரியர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தைக் கேளுங்கள், பேச்சை மாற்றுவார். 'கொரியப் பண்பாட்டு மையமே அனுமதித்துவிட்டது' என்பதும் அதே ரகம். மையமோ, கொரிய இலக்கிய மொழிபெயர்ப்பு நிறுவனமோ ஆசிரியரைத் தொடர்புகொள்ள உதவலாம், உரிமை தர முடியாது. பணம் ஆசிரியர் எழுத்தில் குறிப்பிட்ட கணக்குக்கு மட்டும் போகட்டும்.

டிக்கெட் போடாவிட்டால்? காப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு: தொழில்முறை அல்லாத குழு, கட்டணம் வாங்காமல் நடிக்கலாம். நன்கொடைப் பாஸ் என்று 200 ரூபாய் வாங்கினால் அது டிக்கெட்தான். ஸ்பான்சர் பணம் நடிகர் சம்பளமாகப் போனால் 'தொழில்முறை அல்லாத' என்பதும் ஆட்டம் காணும். மேலும் அது நடிப்பதற்கான விலக்கு. புதிதாகத் தமிழாக்குவதற்கும், களத்தை மாற்றுவதற்கும், யூடியூபில் ஏற்றுவதற்கும் அதை நம்பி இறங்காதீர்கள்.

அனுமதிக் கடிதத்தில் மொழி, ஊர், காட்சிகளின் எண்ணிக்கை, காலக்கெடு, வசூலில் பங்கா காட்சிக்கு இவ்வளவா என்பது இருக்கட்டும். மதுரைக்கு மாற்றுவதைத் தனி வரியாக எழுதுங்கள். நாயகன் கட்டாய ராணுவ சேவைக்குப் போவதுதான் கதையின் திருப்பம் என்றால் இங்கே அதற்கு ஈடு கிடையாது. ஆளை வேலைக்கு வெளியூர் அனுப்பிச் சமாளிப்பீர்கள். மறுக்க முடியாத அழைப்பு என்ற அழுத்தம் போய்விடும், புதுக் காட்சி எழுத நேரும். அதன் சுருக்கத்தை முன்பே ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். பாட்டு இருந்தால் அதற்குத் தனி அனுமதி.

ராயல்டி அனுப்பும்போது வங்கி வரிப்பிடித்தம் கேட்கும். இந்திய-கொரிய இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி 10 சதவீதம். அந்தச் சலுகைக்கு ஆசிரியரின் வரி வதிவிடச் சான்றிதழ் (வரிக் கணக்கில் அவர் கொரியாவில் வசிப்பவர் என்று அந்நாட்டு வரித்துறை தருவது) வேண்டும், கடிதத்தோடேயே கேட்டுவிடுங்கள். பத்தாயிரம் அனுப்பும் நாடகக்காரரையும் கோடிகளில் அனுப்பும் கம்பெனியையும் ஒரே வரிசையில் நிற்கவைக்கும் நடைமுறை இது, புலம்பிப் பயனில்லை. ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் இருவர் கையெழுத்தும் கைக்கு வரும்வரை அரங்குக்கு முன்பணம் கட்டாதீர்கள்.