வெள்ளைப் புள்ளி வைத்த பழைய ஷேஃபர் பேனா: யார் செய்தது, இன்னும் எழுதுமா?

மூடியில் வெள்ளைப் புள்ளியும் பக்கவாட்டில் சின்ன லீவரும் இருக்கிற பழைய ஷேஃபர் பேனா கிடைத்திருக்கிறது, அந்தக் கம்பெனி என்ன ஆனது, பேனா எழுதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் எழுத வைத்துவிடலாம். ஆனால் அந்த லீவரை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். ஏனென்று அப்புறம் சொல்கிறேன். கம்பெனியின் கதை தொடங்குவதே அந்த லீவரில்தான்.

வால்டர் ஷேஃபர் அடிப்படையில் நகைக்கடைக்காரர். ஊர், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஃபோர்ட் மேடிசன். அந்தக் காலத்துப் பேனாக்கள் பலவற்றில் கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக மை விட வேண்டும். விரலெல்லாம் மை ஆகும். காங்க்ளின் கம்பெனி ஒரு வழி வைத்திருந்தது: உள்ளே ரப்பர் பை, அதை அமுக்க வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் பிறை வடிவத் தகடு. ஷேஃபர் அந்தத் துருத்தலே இல்லாமல், பேனாவின் உடம்போடு படிந்து கிடக்கும் லீவரை வைத்தார். நகத்தால் நெம்பினால் உள்ளே ஒரு பட்டை பையை அமுக்கும். விட்டால் பை உப்பி மையை உறிஞ்சிக்கொள்ளும். 1908இல் காப்புரிமை, 1913இல் கம்பெனி.

வெள்ளைப் புள்ளிக்கு வருவோம். 1920இல் ‘லைஃப்டைம்’ என்று தடித்த நிப் வைத்த பேனாவைக் கொண்டுவந்தார்கள். விலை 8.75 டாலர். வாங்கியவர் உயிரோடு இருக்கும்வரை கம்பெனி பொறுப்பு! அந்த உத்தரவாதத்தின் அடையாளமாக 1924இல் வந்ததுதான் புள்ளி. பிற்பாடு அது வெறும் முத்திரையாகிவிட்டது. அதே சமயத்தில் கறுப்பு ரப்பரை விட்டு செல்லுலாயிட் என்ற பழைய வகை வண்ண பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 1929இல் இரண்டு முனையும் கூம்பிய ‘பேலன்ஸ்’ வந்தது. அதுவரை பேனா என்றால் தட்டையாக வெட்டிய குச்சி மாதிரி இருக்கும்.

எனக்குப் பிடித்தது 1952இல் வந்த ‘ஸ்நார்க்கல்’. பின்முனையைத் திருகினால் நிப்புக்கு அடியிலிருந்து கொசுவின் மூக்கு போல ஒரு மெல்லிய குழாய் நீண்டு வரும். அதை மட்டும் மையில் விட்டு நிரப்பலாம், நிப்பைத் துடைக்கும் வேலையே இல்லை. பேனா தயாரிப்பில் இவ்வளவு வீம்பு பிடித்த வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பரிதாபம் என்னவென்றால், அதற்குள் பால்பாயின்ட் பேனா வந்துவிட்டது. மை நிரப்புவதையே விட்டுவிடத் தயாராகிக்கொண்டிருந்த உலகத்திடம் மை நிரப்பும் அதிசயத்தைக் காட்டினார்கள்.

மீதிக் கதை கைமாறிய கதை. 1966இல் டெக்ஸ்ட்ரான், 1997இல் பிக், 2014இல் கிராஸ் என்று வேறு வேறு நிறுவனங்கள் வாங்கின. ஃபோர்ட் மேடிசனில் தயாரிப்பு 2008இல் நின்றுபோனது. 2022இல் பெங்களூரின் வில்லியம் பென் நிறுவனம் வாங்கியது. ஆக, ஷேஃபர் இப்போது இந்தியக் கையில்.

சரி, அந்த லீவர். என் முதல் பழைய பேனா கிடைத்ததும் ஆசையாக லீவரை நெம்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், லீவர் கையோடு வந்துவிட்டது. உள்ளே ரப்பர் பை எப்போதோ கல்லாக இறுகிப்போயிருந்தது. அதனால் முதலில் பேனாவைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கலகலவென்றால் பை நொறுங்கிக் கிடக்கிறது. சத்தமே இல்லாவிட்டாலும் பை நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கழுத்துப் பகுதியை ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி மெல்ல அசைத்துக் கழற்ற வேண்டும். தீக்குச்சி, மெழுகுவர்த்தி பக்கமே போகக் கூடாது, செல்லுலாயிட் குப்பென்று பற்றிக்கொள்ளும். பழைய தூளைச் சுரண்டிவிட்டு, புதுப் பையை அரக்குக் கரைசலால் ஒட்டி ஒரு நாள் காய விடுங்கள். அதற்கப்புறம் லீவரை நெம்பலாம்.