ரஷ்ய மக்கள் ஜார் மன்னருக்கு எதிராகத் திரும்பியது ஏன்?

வறுமை, பசி, லெனின். இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் இந்த மூன்றும்தான். லெனினை முதலில் விட்டுவிடலாம். 1917-ல் ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் முடிதுறந்தபோது லெனின் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இருந்தார், பிறர் சொல்லித்தான் விஷயமே அவருக்குத் தெரிந்தது.

வறுமையும் புதிதல்ல. ரஷ்யக் குடியானவன் தலைமுறை தலைமுறையாக ஏழைதான். 1861-ல் பண்ணையடிமை முறையை ஒழித்தார்கள், ஆனால் கிடைத்த நிலத்துக்கு 49 ஆண்டுத் தவணையைத் தலையில் கட்டினார்கள். அப்போதும் அவன் நிலச்சுவான்தாரைத் திட்டினானே தவிர ஜாரைத் திட்டவில்லை. 'நம்ம கஷ்டம் ஜாருக்குத் தெரியாது, தெரிந்தால் சும்மா விடமாட்டார்' என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழம். 1773-ல் பெரிய கலகம் செய்த புகச்சோவ்கூட 'நான்தான் உண்மையான ஜார்' என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தான்!

என் பார்வையில், அந்த நம்பிக்கையை உடைத்தது புரட்சிக்காரர்கள் அல்ல. நிக்கோலாஸே உடைத்தார்.

1905 ஜனவரி 9, ஞாயிறு. (பழைய ரஷ்ய நாள்காட்டிக் கணக்கு இது. இன்றைய நாள்காட்டித் தேதி வேண்டுமானால் 1905-க்கும் 1917-க்கும் 13 நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.) கபோன் என்ற பாதிரியாரின் தலைமையில் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் மனு கொடுக்கப் போகிறார்கள். மனைவி, பிள்ளைகளும் கூட வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உடை, கையில் புனிதர் படங்கள், ஜாரின் படம். ஜாரைக் கடவுள் காக்கட்டும் என்று பாடிக்கொண்டே நடக்கிறார்கள். கேட்டதெல்லாம் எட்டு மணி நேர வேலை, கட்டுப்படியாகும் கூலி, மக்கள் பிரதிநிதிகளின் சபை. நார்வா வாயிலில் குதிரைப்படை பாய்ந்தது, பிறகு காலாட்படை சுட்டது. செத்தவர்கள் நூற்றுக்கு மேல் என்று அரசே ஒப்புக்கொண்டது. ஜார் அன்று நகரத்திலேயே இல்லை. ஆனால் சுடப்பட்டது அவருடைய படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்மீது. அதற்குப் பிறகு 'ஜாருக்குத் தெரியாது' என்று யார் நம்புவார்கள்?

அதே ஆண்டு அக்டோபரில் வேறு வழியில்லாமல் டூமா என்ற நாடாளுமன்றத்துக்கு ஒப்புக்கொண்டார். 1906-ல் கூடிய முதல் டூமாவை மூன்று மாதம்கூட விட்டுவைக்கவில்லை. அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத்தையே நிலச்சுவான்தார்களுக்குச் சாதகமாக மாற்றினார்.

அப்புறம் உலகப்போர். 1915-ல் அமைச்சர்கள் பலர் எழுதிக் கொடுத்தே வேண்டாம் என்று கெஞ்சியும், தானே தலைமைத் தளபதியாகப் போர்முனைக்குப் போனார். அவர் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் இதுதான் என்பேன். அதுவரை தோல்விக்குத் தளபதிகள்மேல் பழி போட முடிந்தது, இனி எல்லாத் தோல்வியும் அவர் கணக்கில். தலைநகரில் ஜெர்மனியில் பிறந்த ராணி, பக்கத்தில் ரஸ்புதின் என்ற சாமியார். ஓராண்டுக்குள் மூன்று முறை பிரதமர் மாறினார். ராணி உளவு சொல்கிறாள் என்ற வதந்திக்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் பிரபுக்களின் மாளிகைகளிலேயே அதை நம்பினார்கள்.

நாட்டில் தானியம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலைகள் குண்டு செய்துகொண்டிருந்தன, வாங்க ஒரு சாமானும் இல்லை, ரூபிளுக்கு மதிப்பில்லை, எனவே விவசாயி தானியத்தை விற்கவில்லை. விற்றதும் ரயில் பற்றாக்குறையால் நகரத்துக்குச் சரியாக வந்து சேரவில்லை. பெட்ரோகிராடில் (போர்க்காலத்தில் பீட்டர்ஸ்பர்க்குக்கு வைத்த பெயர்) பெண்கள் விடியுமுன்பே பனியில் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். 1917 பிப்ரவரி 23, மகளிர் தினத்தன்று வைபோர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். 'போக்கிரிப் பசங்களின் கூச்சல், நல்ல குளிர் அடித்தால் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்' என்ற தோரணையில் ராணி கணவருக்குக் கடிதம் எழுதினார். 26-ஆம் தேதி ராணுவம் சுட்டது. மறுநாள் காலை, சுட்ட படைப்பிரிவுகளில் ஒன்றான வொலின்ஸ்கியே கலகத்தில் இறங்கியது. பெரும்பாலும் புதிதாகச் சேர்த்த ஆட்கள், வரிசையில் நின்ற பெண்களின் அண்ணன் தம்பி மாதிரியானவர்கள்.

ஜாரைக் கடைசியாக விலகச் சொன்னது மக்கள்கூட இல்லை, போர்முனைத் தளபதிகள். மார்ச் 2-ஆம் தேதி பஸ்கோவில், ரயில் பெட்டியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுத் தம்பி மிகயீலுக்குப் பட்டத்தைக் கொடுத்தார். மறுநாள் மிகயீல் டூமா தலைவரிடம், 'என் உயிருக்கு உத்தரவாதம் தர முடியுமா?' என்று கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. 300 ஆண்டு வம்சத்தின் மகுடத்தை அவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.