பத்து வருட அனுபவமுள்ள நர்ஸ் இங்கிலாந்து போனால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

கேள்வி கேட்ட தங்கைக்கு 32 வயது. தனியார் மருத்துவமனை ஐசியுவில் பத்து வருடம், ஒரு குழந்தை என்று எழுதியிருக்கிறார். "அங்கே போனால் இங்கே பார்த்த வேலையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஜூனியர் மாதிரி நிற்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா? அப்படியானால் போகத்தான் வேண்டுமா?" என்பது அவர் கேள்வி. நான் படித்துவிட்டுப் போகிறவள், பதில் எழுதும் பழக்கம் இல்லை. ஆனால் இதைக் கடந்து போக முடியவில்லை. 2022இல் நான் விமானம் ஏறியபோது எனக்கும் இதே வயது, இதே அனுபவம். நான்கு வயதுப் பையனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன்.

உண்மைதான். முதல் வருடம் உங்கள் கையைக் கட்டிவிடுவார்கள். வாயை யாரும் கட்ட மாட்டார்கள், நாமாகத்தான் கட்டிக்கொள்வோம். இது எனக்குப் புரிய எட்டு மாதம் ஆனது.

போவதற்கு முன்னால் உள்ள படிகளை ஏஜென்சிக்காரர்கள் மூச்சு விடாமல் சொல்வார்கள், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். பிரிட்டனின் செவிலியர் கவுன்சிலான என்எம்சிக்கு ஆங்கிலத் தகுதி காட்ட வேண்டும். அதற்கு இரண்டு தேர்வுகளில் ஒன்று எழுதலாம். ஐஈஎல்டிஎஸ் என்றால் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7. மருத்துவத் துறையினருக்கான ஓஇடி என்றால் எழுத்தில் சி பிளஸ், மற்றவற்றில் பி. திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்த நான் ஓஇடியை இரண்டாவது முறையில்தான் முடித்தேன், அதனால் ஆங்கிலத்தை நினைத்து யாரும் பின்வாங்க வேண்டாம். அப்புறம் சிபிடி என்கிற கணினித் தேர்வு. அதைச் சென்னையிலேயே எழுதலாம். கடைசியாக ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு. அதை அங்கே போய்த்தான் எழுத வேண்டும். பத்து நிலையங்கள், அதாவது பத்துச் சிறு சோதனைகள், கட்டணம் 794 பவுண்டு. அதில் பாஸாகி என்எம்சி பின் நம்பர் என்கிற பதிவு எண் வரும்வரை நீங்கள் நர்ஸ் இல்லை. சம்பளமும் கீழேதான். அங்கே அரசு மருத்துவமனைகளில் சம்பளப் படியைப் பேண்ட் என்பார்கள். நர்ஸுக்குப் பேண்ட் 5, எனக்கு அப்போது பேண்ட் 4.

அந்த இடைப்பட்ட மாதங்களைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. நான் போனது வயதானவர்கள் வார்டு. மருந்து வண்டியை நான் தொடக்கூடாது. உடம்பு துடைப்பது, படுக்கை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, கமோடில் உட்காரவைப்பது இவைதான் வேலை. நம் ஊரில் இதையெல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரர் பார்ப்பார், இல்லையென்றால் ஆயாம்மா பார்ப்பார். வெண்டிலேட்டர் அலாரம் எதற்கு அடிக்கிறது என்று ஜூனியர் டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள், வாளித் தண்ணீரோடு நிற்கிறேன். முதல் வாரம் லாக்கர் அறையில் அழுதேன். உடம்பு துடைப்பதைக் கேவலம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது மாதம் ஒரு தாத்தாவுக்குக் கால் கழுவிவிடும்போது குதிகாலில் இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்ததைப் பார்த்தேன். அழுத்திப் பார்த்தால் வெளுக்கவில்லை, படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். அது மருந்து வண்டியோடு போகிறவர் கண்ணில் படாது, துடைத்துவிடுகிறவர் கண்ணில்தான் படும். அங்கே நர்ஸே துடைப்பதற்குக் காரணம் உண்டு. இருந்தாலும் அழுதது அழுததுதான்.

பேச்சும் முதலில் பிடிபடாது. ஒரு பாட்டி என் கையைப் பிடித்து "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி" என்றார். காசு ஏதோ கேட்கிறார் என்று நினைத்து அவருடைய கைப்பையை எடுத்துக் கொடுத்தேன். சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதை அந்தக் காலத்து ஆட்கள் அப்படிச் சொல்வார்கள். அதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஓஇடியில் பி வாங்கியது அந்த இடத்தில் உதவவில்லை.

ஆஸ்கியில் முதல் முறை பெயிலானேன். எதில் தெரியுமா, மருந்து கொடுப்பதில். படுக்கையில் நோயாளி, ஓரத்தில் மார்க் தாளோடு தேர்வாளர். மருந்துச் சீட்டைப் பார்த்தேன், கைப்பட்டையைப் பார்த்தேன், மருந்து, அளவு, நேரம் எல்லாம் பார்த்துக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டேன். ஆனால் "உங்கள் முழுப் பெயர் சொல்லுங்கள், பிறந்த தேதி சொல்லுங்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா?" என்று வாய் திறந்து கேட்கவில்லை. கண்ணால் படித்ததோடு சரி. பத்து வருடம் "ஏழாம் பெட்", "ஒன்பதாம் பெட்" என்று சொல்லியே வேலை பார்த்திருக்கிறேன். ஐசியுவில் பாதிப் பேர் வாயில் குழாயோடு இருப்பார்கள், யாரிடம் பெயர் கேட்பது? எனக்குத் தெரியாததால் பெயிலாகவில்லை, தெரிந்ததைச் சொல்லாததால் பெயிலானேன். மறுமுறைக்குப் பாதிக் கட்டணம், 397 பவுண்டு, என் கையிலிருந்து போனது. இரண்டு வாரம் குளிக்கும்போதும் சமைக்கும்போதும் சத்தமாகப் பேசிப் பழகினேன். பாஸாகிவிட்டேன்.

பின் நம்பர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இல்லை. வென்ஃப்ளான், அதாவது நரம்பில் மருந்து ஏற்றும் லைன், போட எனக்கு அனுமதி கிடையாது. அந்த மருத்துவமனையின் பயிற்சிக்குப் போய், ஒருவர் கூட நின்று பார்க்கப் பலமுறை போட்டு, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தனியாகப் போடலாம். பயிற்சிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். தங்கை, ஐசியுவில் இருக்கும் உங்களுக்கு இது எங்கே குத்தும் என்று தெரியும். நான் வேலை பார்த்த மதுரை மருத்துவமனையில் மற்ற வார்டுகளிலிருந்து "நரம்பு கிடைக்கலை, அக்காவைக் கூப்பிடு" என்று எனக்குத்தான் போன் வரும். டெங்கு சீசனில் ஒரு ராத்திரிக்கு இருபது லைன் போட்டிருக்கிறேன்.

ஜனவரி மாதம், நைட் டியூட்டி. நிமோனியாவோடு படுத்திருந்த 86 வயது பாட்டிக்கு இரண்டு மணிக்கு ஆன்டிபயாடிக். பழைய லைன் வீங்கிவிட்டது. அன்று எங்கள் வார்டில் லைன் போட அனுமதி உள்ள நர்ஸ் யாரும் இல்லை. படித்து முடித்து முதல் வருடத்தில் இருக்கும் டாக்டர் ஒருவர் வந்தார். பாவம், ஆறு வார்டுக்கு அவர் ஒருவர்தான். வலது கையில் குத்தினார், இல்லை. இடது புறங்கையில் குத்தினார், ரத்தம் வந்தது, உடனே நரம்பு வெடித்து ஊதா நிறத்தில் உப்பியது. மூன்றாவதும் அப்படியே. பாட்டி கண்ணை மூடிக்கொண்டு, "என் நரம்பு மோசம், உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேன்" என்று அவரிடம் சொன்னார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் விரல் தானாக மடங்குகிறது. எந்த இடத்தில் போட்டால் ஏறும் என்று எனக்குத் தெரிகிறது. வாங்கிப் போட்டால் வேலைக்கே ஆபத்து. போட்டது சரியாக ஏறியிருந்தாலும் ஆபத்துதான்.

நம் ஊரில் என்றால் டாக்டர் கேட்காமல் நான் பேசியிருக்க மாட்டேன். அப்படித்தான் பயிற்சியிலேயே பழக்கியிருந்தார்கள். அன்று பேசினேன். அங்கே டாக்டரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், எனக்கு அப்போதும் "டாக்டர்" என்றுதான் வந்தது. "டாக்டர், நான் ஒன்று சொல்லலாமா? கையில் கட்டிய டார்னிக்கே பட்டை இறுக்கமாக இருக்கிறது. இவருடைய நரம்பு காகிதம் மாதிரி, அழுத்தம் கூடினால் வெடிக்கும். கையைக் கீழே தொங்கவிட்டு ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான துணி சுற்றலாம். பிங்க் வேண்டாம், நீலம் எடுங்கள். முன்னங்கையில் வெளிப்பக்கம் ஒன்று நேராக ஓடுகிறது, இங்கே" என்று தொட்டுக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. துணி கொண்டுவரச் சொன்னார். டார்னிக்கேயை விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தினார். கீழ்ப்பக்கத் தோலை நான் இழுத்துப் பிடித்தேன். பிங்கைவிட மெல்லிய அந்த நீல வென்ஃப்ளான் முதல் குத்திலேயே ஏறியது. இரண்டே முக்காலுக்கு மருந்து ஓடத் தொடங்கியது.

அடுத்த வாரம் அதே டாக்டர் வேறொரு நோயாளிக்கு ஊசியைப் பிரிப்பதற்கு முன்னால் என்னைத் தேடி வந்து, "நீங்கள் போட்டால் எங்கே போடுவீர்கள்?" என்று கேட்டார். வார்டு சிஸ்டரிடமும் சொல்லியிருக்கிறார். அங்கே சிஸ்டர் என்றால் வார்டுக்கே பொறுப்பானவர், எல்லோரையும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அடுத்த மாதப் பயிற்சிப் பட்டியலில் என் பெயர் இருந்தது.

அந்த விதி தவறு என்று நான் சொல்லவில்லை. யார் எங்கே எப்படிக் கற்றார்கள் என்று தெரியாமல் நோயாளியின் கையை ஒப்படைக்க முடியாது, சரிதான். ஆனால் டார்ச் பிடித்து நின்ற அந்தப் பத்து நிமிடமும் எனக்கு வலித்தது. இரண்டும் உண்மை. விதியை மதிக்கத் தெரியாதவள் என்று யாராவது எழுதினால் அவரிடம் எனக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

"இங்கே படித்துவிட்டு வெளிநாட்டுக்காரனுக்குச் சேவை செய்யப் போகிறீர்களே" என்று கேட்பவர்களுக்கு மட்டும் சொல்ல இருக்கிறது. பத்து வருடம் முடிந்தபோது என் சம்பளம் 17,500 ரூபாய். 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பக்கத்துக் கேரளத்தில் நர்ஸுகள் போராடி 2018இல் குறைந்தபட்ச ஊதியத்தை அந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நான் வேலை பார்த்தது 200 படுக்கைக்கு மேல் உள்ள இடம். வேலையில் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விலகுகிறேன் என்று சொன்னதும் ஐந்து மாதம் இழுத்தார்கள். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்காக நான் அந்த அலுவலகப் பெஞ்சில் எத்தனை மதியம் உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? கொரோனா நேரத்தில் அதே கட்டடத்தில் பிபிஇ உடையோடு பன்னிரண்டு மணி நேரம் நின்றவள் நான். அப்போது கைதட்டினார்கள். அனுபவச் சான்றிதழ் கேட்டபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. என் அனுபவத்தை முதலில் கணக்கில் எடுக்காதது இங்கிலாந்து இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் போனபோது இருந்த அளவுக்கு இப்போது ஆள் எடுப்பதில்லை, காத்திருக்க வேண்டியிருக்கும். பேண்ட் 5 தொடக்கச் சம்பளம் 2025-26க்கு ஆண்டுக்கு 31,049 பவுண்டு. வரி, காப்பீடு, பென்ஷன் போக மாதம் 2,000 பவுண்டைச் சுற்றித்தான் கையில் வரும். அதில் வாடகையே பெரிய பகுதியைத் தின்னும், ரூபாயில் பெருக்கிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பழைய அனுபவத்துக்குச் சம்பளப் படி கூட்டித் தருவார்களா என்பது மருத்துவமனையைப் பொறுத்தது. எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் வேலை உறுதிக் கடிதம் வந்த அன்றே கேளுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரியையும் அப்போதே படியுங்கள்.

நர்ஸ் விசாவில் கணவரையும் குழந்தையையும் அழைத்துப் போகலாம். என் பையன் ஏழு மாதம் கழித்து வந்தான். அந்த ஏழு மாதத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு இல்லை.

ஏஜென்சிக்கு நான் இரண்டு லட்சம் கொடுத்தேன். வேலை தேடித் தருவதற்கு நர்ஸிடம் பணம் வாங்கக் கூடாது என்று பிரிட்டன் அரசின் ஆட்சேர்ப்பு விதிமுறையே சொல்கிறது என்பது போன பிறகுதான் தெரிந்தது. கேட்டால் "செயலாக்கக் கட்டணம்" என்பார்கள், நம்பாதீர்கள். நேர்மையான ஏஜென்சிகளின் பட்டியலை அங்குள்ள அரசு மருத்துவச் சேவையின் (என்ஹெச்எஸ்) வேலை தருவோர் அமைப்பான என்ஹெச்எஸ் எம்ப்ளாயர்ஸ் வெளியிடுகிறது. நம் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். "கேர் அசிஸ்டன்ட் விசாவில் போய்விட்டு அப்புறம் நர்ஸாக மாறிக்கொள்ளலாம்" என்று பத்து லட்சம் கேட்பவரிடம் உட்காரவே வேண்டாம். அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டார்கள்.

போக வேண்டுமா என்பதை உங்கள் வீட்டில் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். இரண்டு காரியங்களை மட்டும் இப்போதே தொடங்கலாம். இன்று ராத்திரி டியூட்டியிலிருந்து, நினைவோடு இருக்கும் ஒவ்வொரு நோயாளியிடமும் பெயரையும் பிறந்த தேதியையும் வாய் திறந்து கேட்டுவிட்டு மருந்து கொடுங்கள். முதல் நாள் கூட இருப்பவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள். அப்புறம், அசல் சான்றிதழ்கள் மருத்துவமனையிடம் இருந்தால், வெளிநாடு போவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் வேறு காரணம் சொல்லி வாங்கிவிடுங்கள்.