ஆயிரக்கணக்கான படங்களில் உள்ள முகங்களை வேகமாக மறைக்க எந்த மாடல் நல்லது?

கேள்வியில் நீங்கள் சொன்ன நிலைமை: கிட்டத்தட்ட 50,000 படங்கள், ஒரே ஒரு ஜிபியு (ஏஐ மாடல்களை வேகமாக ஓட்டும் கிராஃபிக்ஸ் சிப்), வெளியிடுவதற்கு முன் எல்லா முகங்களையும் மறைத்தாக வேண்டும். ஓர் ஆய்வுக்காக இதே வேலையை நான் செய்திருக்கிறேன். வேகத்தைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். ஒரு முகம்கூடத் தப்பக் கூடாது, அதுதான் முதலில்.

மறைப்பது சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். தவறு நடப்பது முகத்தைக் கண்டுபிடிக்கும் இடத்தில்தான். நான் ஓப்பன்சிவி என்ற இலவசப் பட மென்பொருள் தொகுப்பில் வரும் ஹார் கேஸ்கேடில் ஆரம்பித்தேன். 2001ல் வயோலா, ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள் கொடுத்த முறை, கணினியின் சாதாரண செயலியான சிபியுவிலேயே பறக்கும். ஆனால் ஆள் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினாலோ வாயைக் கையால் மூடினாலோ விட்டுவிடும். பிளேஸ்ஃபேஸ் என்ற மாடல் ஃபோனுக்காகச் செய்தது; கிட்டத்து முகத்துக்கு அருமை, கூட்டத்தின் கடைசி வரிசைக்கு உதவாது. கடைசியில் ரெட்டினாஃபேஸ் என்ற மாடலில் நின்றேன். எஸ்சிஆர்எஃப்டி என்ற மாடலும் நல்ல தேர்வு, அதைவிட இலகுவானது.

மாடலைவிட முக்கியம் அதற்கு நீங்கள் என்ன அளவில் படம் கொடுக்கிறீர்கள் என்பது. 4000 பிக்சல் அகலப் படத்தை 640க்குச் சுருக்கினால், 60 பிக்சல் இருந்த முகம் 10 பிக்சலுக்கும் கீழே போய்விடும். மாடலுக்கு அது ஒரு புள்ளி. வெளியாகும் படமோ முழு அளவில் இருக்கும். பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு அந்த 60 பிக்சலே ஆளை அடையாளம் சொல்லிவிடும். அதனால் சுருக்கிய முழுப் படத்தை ஒரு முறை ஓட்டுங்கள், பெரிய முகங்கள் அதில் சிக்கும். பிறகு அசல் அளவில் துண்டு துண்டாக வெட்டி ஓட்டுங்கள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் வெட்டுக்கோட்டில் விழுந்த முகம் இரண்டு பக்கமும் தப்பிவிடும். இது முகம்தான் என்று மாடல் எவ்வளவு உறுதியாக இருந்தால் ஏற்பது என்ற நம்பிக்கை வரம்பை 0.5லிருந்து 0.2க்கு இறக்கினேன். கதவுக் கைப்பிடி, சுவர்க் கடிகாரம் எல்லாம் சேர்ந்து மறைந்தன. மறையட்டும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

இவ்வளவு செய்தால் மெதுவாகிவிடாதா என்றால், ஆகும். ஆனால் என் ஜிபியு பாதி நேரம் சும்மாதான் இருந்தது. ஜேபெக் கோப்புகளைத் திறப்பதில்தான் நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்த வேலையைப் பல சிபியு கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பல படங்களின் துண்டுகளை ஒரே பேட்ச்சாக, அதாவது ஒரே தொகுதியாகச் சேர்த்து, மாடலின் எண்களைச் சுருக்கி 16 பிட்டில் ஓட்டியதும் வரிசை மளமளவென நகர்ந்தது. 8 பிட்டுக்கு இறக்குவதானால், சின்ன முகங்கள் விடுபடுகின்றனவா என்று மறுபடி சோதித்துவிட்டு இறக்குங்கள்.

மறைக்கும்போது லேசான பிளர் வேண்டாம். 2007ல் ஒரு குற்றவாளி படத்தில் சுழல் போலச் சுழற்றி மறைத்த தன் முகத்தை ஜெர்மன் போலீஸ் நேராக்கியது, இன்டர்போல் அதை வெளியிட்டது. 2016ல் மெக்ஃபெர்சன், ஷோக்ரி, ஷ்மாடிகாவ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மொசைக் போட்ட முகங்களையும் மங்கலாக்கிய முகங்களையும் சாதாரண நியூரல் நெட்வொர்க்கே அடையாளம் காணும் என்று காட்டினார்கள். முகத்தைச் சுற்றி மாடல் போடும் பெட்டியைச் சுற்றிலும் கால் பங்கு பெரிதாக்கி, காது முடியெல்லாம் சேர்த்து, ஒரே நிறத்தில் நிரப்பிவிடுங்கள். அப்படிச் செய்தால் படங்கள் ஏஐ மாடல்களின் பயிற்சிக்கு உதவாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 2021ல் இமேஜ்நெட் என்ற பெரிய பயிற்சிப் படத்தொகுப்பில் உள்ள முகங்களை மங்கலாக்கிப் பார்த்தபோது, பொருள்களை வகைப்படுத்தும் துல்லியம் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் குறையவில்லை.

2019ல் வந்த டீப்பிரைவசி மாதிரி, அசல் முகத்தைப் பார்க்காமலே புது முகம் வரைந்து வைக்கும் மாடல்களும் இருக்கின்றன. பார்க்க இயல்பாக இருக்கும். ஆனால் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சாம்பல் பெட்டிகளுக்கு நடுவே தப்பிய முகம் சட்டென்று கண்ணில் படும். வரைந்த முகங்களுக்கு நடுவே நிஜ முகம் தப்பியிருந்தால் சரிபார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

சரிபார்ப்பது என்றால் குலுக்கல் முறையில் 500 படங்களை எடுத்து, கையாலேயே முகங்களைக் குறித்து, எத்தனை விடுபட்டன என்று எண்ணுவது. கண்ணாடியில் தெரியும் முகம், யாரோ நீட்டிப் பிடித்திருக்கும் ஃபோன் திரையில் உள்ள முகம் இரண்டையும் விடாதீர்கள். 2009ல் கூகுள் ஸ்ட்ரீட் வியூ குழு 89 சதவீதத்துக்கு மேல் முகங்கள் மறைந்ததாக எழுதியது. அன்றைக்கு அது பெரிய சாதனை. மிச்சமிருப்பவர்களும் மனிதர்கள்தானே.

நான் எல்லாம் முடித்து, கொடுப்பதற்கு முந்தைய நாள் கோப்புறையைத் திறந்தேன். பட்டியலில் சின்ன முன்னோட்டங்கள் வரிசையாக வந்தன. அதில் ஒரு குழந்தை கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது, முகம் முழுசாக. படத்தைத் திறந்தால் அதே இடத்தில் சாம்பல் பெட்டி. தேதி அழியக் கூடாதென்று எக்ஸிஃப் தகவலை (படக் கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் விவரங்களை) அப்படியே நகலெடுத்திருந்தேன்; கேமரா அதற்குள் வைத்திருந்த அசல் சிறுபடமும் கூடவே வந்துவிட்டது. அன்று நெஞ்சு பதறியது இன்னும் நினைவிருக்கிறது. எக்ஸிஃபை முழுவதும் நீக்கிவிட்டு, தேவையான தகவலை மட்டும் புதிதாக எழுதுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு படத்திலும் எந்தெந்த இடத்தில் பெட்டி போட்டீர்கள் என்பதைத் தனிக் கோப்பில் வைத்திருங்கள். வெளியிட்ட பிறகு யாராவது “என் முகம் தெரிகிறது” என்று எழுதினால், ஒரு பெட்டியைச் சேர்த்து அந்த ஒரு படத்தை மட்டும் மாற்றிவிடலாம், அன்றைக்கே.