ஹஸ்கியா, ராஜபாளையமா, பொமரேனியனா?

அன்புள்ள சார்,

காலை நடை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் உங்கள் நாயைப் பற்றி ஒரே ஒரு வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாகவே பஞ்சாயத்து. நாய் வளர்ப்பது என்று முடிவாகிவிட்டது, எந்த நாய் என்பதில்தான் சண்டை. பத்தாவது படிக்கும் மகனுக்கு ஹஸ்கி வேண்டும், கண் நீலமாக இருக்க வேண்டுமாம். கணவர் ராஜபாளையம்தான் என்கிறார், நம்ம ஊர் நாய் இருக்கும்போது வெளிநாட்டு நாய் எதற்கு என்று கேட்கிறார். மாமியாருக்கு, அவர் பிறந்த வீட்டில் இருந்த மாதிரி ஒரு வெள்ளைப் பொமரேனியன் போதும். எனக்கு எந்த இனமும் தெரியாது, சோறு வைக்கப்போவது யார் என்பது மட்டும் தெரியும்.

திருப்பூரில் தனி வீடு, வாசலில் ஒரு கார் நிறுத்துகிற இடம் உண்டு. நானும் கணவரும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழுக்குத்தான் திரும்புவோம்.

நாய் வைத்திருப்பவர்கள் எல்லாம் இந்த இனம்தான் என்று எப்படித்தான் முடிவு செய்தார்கள்? நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? இணையத்தில் தேடினால் டாப் டென் பட்டியல்தான் வருகிறது.

எஸ்., திருப்பூர்

*

அன்புள்ள எஸ்.,

நாய் வைத்திருக்கும் யாரிடமாவது ‘ஏன் இந்த இனம்?’ என்று கேட்டுவிட்டு நின்றால் அரை மணி நேரத்துக்கு நகர முடியாது. குழந்தைகளோடு நன்றாகப் பழகும், முடி கொட்டாது, புத்திசாலி, அபார்ட்மென்ட்டுக்கு ஏற்றது என்று வரிசையாகக் காரணம் வரும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘சரி, உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது?’ என்று கேளுங்கள். அங்கேதான் கதை மாறும். கூட வேலை பார்த்தவருக்கு மாற்றல் வந்து, டில்லிக்குக் கொண்டுபோக முடியாமல் விட்டுப்போனார். மச்சான் வீட்டு நாய் ஒரே ஈத்தில் ஏழு குட்டி போட்டது, ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். மகள் ஆசைப்பட்டு வாங்கிய லாப்ரடார், அவள் மேல்படிப்புக்கு வெளிநாடு போனதும் அப்பாவிடம் நின்றுவிட்டது, அதுவரை நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்த அப்பா இப்போது லாப்ரடார் பற்றி ஊருக்கே வகுப்பெடுக்கிறார்.

நாய் முதலில் வந்துவிடுகிறது, காரணம் சாவகாசமாகப் பின்னால் வருகிறது. நான் பார்த்தவரை பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடந்திருக்கிறது.

என் கதையும் அதேதான். எங்களிடம் இருப்பது கன்னி என்கிற நாட்டு வேட்டை நாய். சாத்தூர்ப் பக்கத்து உறவினர் ஒருவர் போனில் கூப்பிட்டு, முன்னங்கால் ஒடிந்து சரியாகக் கூடவில்லை, இனி இது ஓடாது, வைத்துக்கொள்கிறீர்களா என்றார். வைத்துக்கொண்டோம். இப்போது யாராவது கேட்டால் நம் வெயிலுக்கேற்ற நாய், குட்டை முடி, பராமரிப்பு குறைவு என்று நானும் சொல்கிறேன். பொய்யில்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காக வாங்கியதில்லை.

தனிமனிதர்கள் இப்படி என்றால் ஊர் மொத்தமும் அலை அலையாகத் தேர்ந்தெடுக்கிறது. எண்பதுகளில் நடுத்தர வர்க்கத்துக்காரர் வீட்டுக் கேட்டைத் தொட்டால் குரைத்துக்கொண்டு ஓடி வந்தது உங்கள் மாமியார் சொல்லும் வெள்ளை நாய். போலீஸ் மோப்ப நாயைப் பார்த்துவிட்டு அல்சேஷனும் டாபர்மேனும் வாங்கியவர்கள் உண்டு, காம்பவுண்டுச் சுவர் உயர்ந்த வீடுகளில். அப்புறம் 2003இல் ஹட்ச் என்கிற செல்போன் நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. ஒரு சின்னப் பையன் போகிற இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போகும், எங்கள் நெட்வொர்க்கும் இப்படித்தான் என்பது விஷயம். செல்போன் இணைப்பு எத்தனை விற்றதோ, பக் நன்றாக விற்றது. ‘ஹட்ச் நாய்’ என்றே கேட்டு வாங்கினார்கள். அந்தச் சப்பை மூஞ்சிதான் அழகு என்று வாங்கிய பலருக்கு, அதே சப்பை மூஞ்சியால் அது மூச்சுவிடத் திணறும் என்பது ஏப்ரல் மாதம் வந்த பிறகுதான் தெரிந்தது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூக்கும் தொண்டையும் குறுகிப்போன நாய் எப்படி இரைக்கும்? மத்தியான வெயிலில் அதை நடக்கக் கூட்டிப்போனால் சுருண்டு விழுந்துவிடும்.

இது நம் ஊர்க் கிறுக்கு மட்டும் இல்லை. நாய்களை இனவாரியாகப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் பல பத்தாண்டுப் பதிவேடுகளை வைத்துச் சில ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். ஒரு இனத்து நாய் நாயகனாக வரும் சினிமா ஓடினால், அந்த இனத்துக்கான கிராக்கி சில படங்களுக்குப் பத்து வருடம்வரைகூட நீடித்திருக்கிறது. அதே குழு 2013இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இதைவிடச் சுவாரசியமானது. எந்த இனம் அதிக நாள் வாழ்வது, எது சொன்ன பேச்சைக் கேட்பது என்பதற்கும் எது பிரபலமாகிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால், பிரபலமான இனங்களுக்குத்தான் பரம்பரை நோய்கள் அதிகம். நாயை மனிதன் தேர்ந்தெடுப்பது, பெயர் வைப்பதும் தலைமுடி வெட்டிக்கொள்வதும்போல, ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதுதான்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஹஸ்கி சைபீரியாவின் வடகிழக்கில் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாய். உடம்பில் இரண்டு அடுக்கு முடி. ஒரு நாளில் பல மைல் இழுத்துக்கொண்டு ஓடுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்டது. அதைத் திருப்பூரில் கார் நிறுத்துகிற இடத்தில் கட்டி வைத்தால் அது என்ன செய்யும்? ஊளையிடும், மண் இருந்தால் தோண்டும், கேட் திறந்தால் ஓடும், திரும்பிப் பார்க்காது. ஏசி போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு நாய்க்காக ஏசி ஓடும், சரி, மின்வெட்டு வந்தால்? 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையே ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் மாதிரியான நாய்கள் நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராது, இங்கே குட்டி எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. நீலக் கண் ரீல்ஸில் அழகாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் கணவருக்குப் பதில் சொல்வது இதைவிடக் கஷ்டம், ஏனென்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ராஜபாளையம் அருமையான நாய். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, உயர்ந்த கால்கள், காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பெயர்போனது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது அதில் ஒன்று இது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டுக் கோழி என்று ஒரு ஆசை கிளம்பியது அல்லவா, அதில் நாட்டு நாயும் சேர்ந்துகொண்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி பெயர்களையெல்லாம் சொன்ன பிறகு வடக்கிலிருந்தும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். பல வருடம் கேட்பாரற்றுக் கிடந்த இனங்களுக்கு இது நல்லதுதான்.

ஆனால் பெருமைக்காக வாங்கப்பட்ட நாயும் விளம்பரத்துக்காக வாங்கப்பட்ட நாயும் ஒரே மாதிரிதான் மொட்டைமாடியில் கட்டிக் கிடக்கின்றன. ராஜபாளையம் பெரும்பாலும் ஒருவரைத்தான் எஜமானாக ஏற்கும், மற்றவர்களைச் சகித்துக்கொள்ளும். அந்நியரை எளிதில் விடாது. ஆள் போக்குவரத்து அதிகமுள்ள வீட்டில் அதைப் பழக்குவதற்கு நேரம் வேண்டும், உங்கள் கணவருக்கு அந்த நேரம் ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் கிடைக்கும். இன்னொன்று, வெள்ளைதான் ஒரிஜினல் என்று வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்துச் சேர்த்து, காது கேட்காத குட்டிகள் இந்த இனத்தில் பிறக்கின்றன. வாங்குவதென்றால் குட்டி பார்க்காதபோது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். கூட்டத்தில் வேண்டாம், மற்றக் குட்டிகள் திரும்பினால் இதுவும் திரும்பிவிடும். தனியாகத் தூக்கி வைத்துச் சோதியுங்கள்.

நிஜமாகவே தேர்ந்தெடுத்தவர்கள் என்று நான் சொல்லக்கூடியவர்கள் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர்கள்தான். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கிற நாய்கள். வேட்டை இப்போது சட்டப்படி குற்றம், 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபிறகு அது முடிந்த கதை, முடிய வேண்டியதும்தான். ஆனால் அந்தப் பெரியவர்கள் நாயைப் பார்க்கும் விதத்தைக் கவனித்திருக்கிறேன். குட்டியின் முகத்தைப் பார்த்துச் சொக்கி நிற்க மாட்டார்கள். தாயை ஓடவிட்டுப் பார்ப்பார்கள், நெஞ்சின் ஆழத்தையும் இடுப்பின் ஒடுக்கத்தையும் தடவிப் பார்ப்பார்கள், தகப்பன் யார் வீட்டு நாய், அதன் குணம் என்ன என்று கேட்பார்கள், கடைசியில்தான் குட்டியைக் கையில் எடுப்பார்கள். கன்னியைப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து அனுப்புகிற வழக்கம்கூட இருந்திருக்கிறது. அங்கே நாய்க்கு ஒரு வேலை இருந்தது, வேலைக்கு ஏற்ற நாய் வந்தது. நம் வீடுகளில் நாய்க்கு வேலையே கிடையாது, கூட இருப்பதைத் தவிர. அதனால்தான் எதை வைத்து முடிவு செய்வது என்று தெரியாமல் நிறத்தையும் கண்ணையும் பார்க்கிறோம்.

இனத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பதும் பாதிதான் சரி. 2022இல் சயின்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம் விவரம் வாங்கிச் செய்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வித்தியாசத்தில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம்தான். மீதியில் வளர்ப்பு உண்டு, அந்தந்த நாயின் தனிச்சுபாவம் உண்டு. ஆனால் உடம்பு இனத்திலிருந்துதான் வரும். எவ்வளவு பெரிதாகும், எவ்வளவு முடி உதிர்க்கும், வெயிலைத் தாங்குமா, எவ்வளவு தூரம் ஓடினால் அடங்கும், என்னென்ன நோய் வரும் என்பதையெல்லாம் இனத்தை வைத்து ஓரளவு சொல்லலாம். லாப்ரடாரை எடுத்துக்கொள்ளுங்கள், அவற்றில் சுமார் கால்வாசிக்கு வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் ஒரு ஜீனில் குறை இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் தெருவில் உருண்டு வரும் லாப்ரடார்களுக்கு ஜீன் பாதி காரணம், பாட்டி கொடுக்கும் பிஸ்கட் பாதி.

பாட்டி என்றதும் உங்கள் மாமியாரிடம் வருகிறேன். கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். நீங்கள் இருவரும் பத்து மணி நேரம் வெளியே, மகன் பள்ளிக்கூடம், டியூஷன், அடுத்து பிளஸ் டூ, அதற்கு மேல் எந்த ஊர்க் கல்லூரியோ. நாய் வாழப்போவது பன்னிரண்டு பதினைந்து வருடம். அத்தனை பகலும் அதோடு வீட்டில் இருக்கப்போவது மாமியார்தான். அவருடைய ஓட்டுக்குத்தான் மதிப்பு அதிகம், அவர் கேட்பதும் ஒன்றும் தப்பான நாய் இல்லை. நாம் பொமரேனியன் என்று சொல்லி வளர்த்தவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ், அசல் பொமரேனியன் மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும் பொம்மை. ஸ்பிட்ஸ் அதைவிடப் பெரிது, இந்த வெயிலில் தலைமுறைகளாக வாழ்ந்து பழகியது, வைத்ததைச் சாப்பிட்டது. குரைக்கும், தபால்காரர், பால்காரர், காற்றில் ஆடும் துணி என்று எல்லாவற்றுக்கும் குரைக்கும். முடியைச் சீவிவிட வேண்டும். இரண்டும் அவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும்.

அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள், முட்டி வலி எப்படி இருக்கிறது என்று. சங்கிலியை இழுக்கிற பெரிய நாயை அறுபதுக்கு மேல் கையாள்வது ஆபத்து, ஒரு பூனை குறுக்கே ஓடினால் போதும். ராஜபாளையத்துக்கு எதிராக நான் வைக்கும் பெரிய வாதம் இதுதான், கணவரிடம் இப்படியே சொல்லலாம், அவர் அம்மாவைப் பற்றியது என்பதால் எதிர்க்க மாட்டார்.

காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை, தெருக்குட்டி ஒன்றையோ காப்பகத்தில் இருக்கும் வளர்ந்த நாய் ஒன்றையோ எடுக்கலாம். வளர்ந்த நாயில் ஒரு வசதி, அதன் அளவும் குணமும் ஏற்கனவே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, எந்தப் பட்டியலும் வேண்டாம். வாங்குவதாக இருந்தால், நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தாயைக் காட்டமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள், அவர் என்ன சான்றிதழ் காட்டினாலும்.

முதல் தடவை பார்க்கப் போகும்போது மாமியாரும் நீங்களும் மட்டும் போங்கள். மகனைக் கூட்டிப்போக வேண்டாம். குட்டி அவன் சட்டையைக் கடித்து இழுத்துவிட்டால் அப்புறம் நான் இங்கே எழுதியது எதற்கும் வேலை இல்லை.