மேடை நாடகத்தில் கொந்தளிக்கும் கடலை எப்படி அமைப்பது? மோட்டார் வேண்டுமா, கையால் சுழற்றினால் போதுமா?

நாடகங்களுக்குக் காட்சிப் பொறிகள் செய்து வருபவன் என்ற முறையில், கையால் சுழற்றும் திருகு உருளைகளையே, அதாவது திருகுபோல முறுக்கி அமைந்து சுழலும்போது அலையாகத் தோன்றும் நீண்ட உருளைகளையே, பரிந்துரைக்கிறேன். மோட்டார் ஒரே சீராகச் சுழலும். ஆனால் கைப்பிடியைப் பிடித்திருப்பவர் நடிகரின் குரல் உயரும்போது வேகத்தைக் கூட்டி, அவர் மௌனமாகும்போது கடலையும் அடக்குவார். 1638இல் இத்தாலியரான நிக்கோலா சபாட்டினி வெளியிட்ட மேடைப் பொறி நூலிலேயே இந்த முறை இருக்கிறது. சுவீடனில் 1766இல் திறக்கப்பட்ட டிராட்னிங்ஹோல்ம் அரண்மனை அரங்கிலும் இவ்வகை அலை உருளைகள் உள்ளன.

நான்கு மீட்டர் நீளமுள்ள ஓர் உருளைக்கு, 30 செ.மீ. விட்டமுள்ள 16 பிளைவுட் வட்டங்களை வெட்டி, மையத்திலிருந்து 7 செ.மீ. தள்ளித் துளையிட்டு, இரும்புக் குழாயில் 25 செ.மீ. இடைவெளியில் கோத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வட்டத்தையும் முந்தையதைவிட 45 பாகை திருப்பி, குழாயில் வழுக்காதபடி இறுக்க வேண்டும். எட்டு வட்டங்களில் ஒரு முழுச் சுற்று முடிந்து, உருளை முழுவதிலும் இரண்டு முறுக்குகள் அமையும். வட்டங்களின் விளிம்பில் வளையக்கூடிய மெல்லிய பட்டைகளைப் பொருத்தி மேலே கான்வாஸ் ஒட்டிவிட்டால், சுழற்றும்போது அலைமுகடு பக்கவாட்டில் நகர்வது போலத் தோன்றும். இரு முனைகளில் மட்டும் தாங்கினால் குழாய் நடுவில் தொய்ந்துவிடும் என்பதால் அங்கும் ஒரு பேரிங் தாங்கி தேவை.

முறுக்குகளின் எண்ணிக்கை முழு எண்ணாக இருப்பது மிக முக்கியம். அப்போது மையம் தள்ளிய எடைகள் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், கைப்பிடி எந்த நிலையில் நின்றாலும் தானாக உருளாது. ஒன்றரை முறுக்கில் நிறுத்தினாலோ ஒரு பக்கம் கனத்து, ஒவ்வொரு சுற்றிலும் கை ஓரிடத்தில் திணறும். அந்தத் திணறல் அலையிலும் அப்படியே தெரியும். நாடகப் பொறிகளில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

குறைந்தது மூன்று உருளைகளாவது வேண்டும். பின்னால் செல்லச் செல்ல உருளையைச் சிறிதாக்கி, சற்று உயர்த்தி வைத்தால் ஆழம் கூடித் தோன்றும். முகடுகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வராதபடி தொடக்க நிலைகளை மாற்றி வையுங்கள். படகை இரண்டு உருளைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் தண்டவாளத்தில் ஓடவிட்டு, அடியில் ஓர் அச்சைக் கொடுத்தால் ஆடிக்கொண்டே நகரும்.

பள்ளங்களுக்கு அடர்ந்த நீலப்பச்சையும் முகட்டு விளிம்புக்கு மட்டும் வெள்ளியும் பூசி, பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒளியைப் பாய்ச்சுங்கள். நேர் முன்னொளி எவ்வளவு நல்ல உருளையையும் துணி சுற்றிய கட்டையாகக் காட்டிவிடும். ஒரு சுற்றுக்கு நான்கு முதல் ஆறு வினாடிகள் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேகம் கூடினால் கடலின் கனம் போய்விடும், கிறீச்சிடும் ஓசையும் வசனத்தைக் கெடுக்கும்.

கான்வாஸுக்குத் தீத்தடுப்புப் பூச்சு கட்டாயம் வேண்டும். சுழலும் முனைகளைத் தட்டி வைத்து மூடி, சுழற்றுபவர்களின் தளர்ந்த உடையும் கூந்தலும் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் மேடையைப் பார்க்க முடியாவிட்டாலும் வசனத்தைத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிற்பதும், நடிகர்களுடன் ஒத்திகைகளில் தொடக்கத்திலிருந்தே கலந்துகொள்வதும் அவசியம்.