பச்சை மனிதன் எத்தனை விநாடி நிற்கிறான்?

சிக்னலை மதிக்காமல் ரோட்டைக் கடக்கிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் குறைபட்டு எழுதியிருந்தார். அதையொட்டி வந்த கேள்விகளுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையில் வேலை செய்கிறவர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள்.

பீளமேடு வாசகர்: ஏனுங்க, சிகப்புல நிக்காட்டி வண்டிக்காரனுக்கு ஃபைன். நடந்து போறவங்க மட்டும் எந்த விளக்கு எரிஞ்சாலும் கையை நீட்டிக்கிட்டு இறங்கிடறாங்க. அவங்களுக்குச் சட்டமே இல்லீங்களா?

கையை நீட்டினால் வண்டி நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது வெறும் வேண்டுகோள். பிரேக் பிடிக்காத வண்டிக்கு அந்தக் கை தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் பெரும்பாலும் ஓட்டுகிறவரை நோக்கி எழுதப்பட்டவை. 2019 திருத்தத்தில் சேர்ந்த 138(1A) பிரிவு, பாதசாரிகள் நடமாட்டத்தை முறைப்படுத்த விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. ஆக, சட்டத்தின் கண்ணில் நடப்பவர் படாமல் இல்லை.

ஆனால் திமிர் என்று முடிவு கட்டுமுன் அந்த சிக்னலில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். மொத்தச் சுற்று 120 விநாடி, அதில் நடப்பவருக்குப் பச்சை, அதாவது பச்சை மனிதன் உருவம் எரிவது, 20 விநாடி என்று வைத்துக்கொள்வோம். சிகப்பு விழுந்த நேரத்தில் வந்து சேர்ந்தவர் 100 விநாடி நிற்க வேண்டும். எல்லாரையும் சேர்த்துச் சராசரி போட்டால் ஆளுக்கு 42 விநாடி. சுற்றை 90-ஆகக் குறைத்து, அதே 20 விநாடிப் பச்சையை வைத்தால் சராசரி 27-க்கு இறங்கிவிடும். காத்திருப்பு 30 விநாடியைத் தாண்டினால் நடப்பவர் பொறுமை இழக்கிறார் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைக் கையேடே ஏற்றுக்கொண்ட கணக்கு. நம் ஊரில் வெயில், புகை, எதிரே புறப்படத் தயாராக நிற்கும் டவுன் பஸ் எல்லாம் சேர்ந்தால் அந்த 30-உம் தாங்காது. ஒருவர் இறங்கினால் பின்னால் நிற்கும் பத்துப் பேரும் விளக்கைப் பார்ப்பதில்லை, முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்க்கிறார்கள்.

ஏசி காருக்குள் 100 விநாடி உட்காருவதும் வெயிலில் 100 விநாடி நிற்பதும் ஒன்றல்ல என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம். 2022-இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள்.

ஈரோடு வாசகி: மாமியாரைக் கூட்டிக்கிட்டு ரோட்டைத் தாண்டறப்போ பாதியிலேயே பச்சை மனுசன் மினுக்க ஆரம்பிச்சுடறான். திரும்பி வந்துடணுமா, போயிடலாமா?

போய்விடுங்கள். மினுக்குவதற்குப் பொருள் "புதிதாக இறங்காதே" என்பதுதான். ஏற்கெனவே இறங்கியவர் கடந்து முடிக்கத்தான் அந்த நேரமே கொடுக்கப்படுகிறது. பாதியில் திரும்பினால் பின்னால் வருகிறவர்கள் மீது மோதுவீர்கள். வண்டிக்காரரும் நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்று தெரியாமல் தடுமாறுவார்.

அந்த நேரம் மாமியாருக்குப் போதுமா என்பதுதான் விஷயம். சாலை அமைப்புக்கு விதி வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி நடப்பவர் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். 15 மீட்டர் அகல ரோட்டுக்கு 15-ஐ 1.2-ஆல் வகுத்தால் 12.5 விநாடி. இது மினுக்கும் நேரம். அதற்கு முன் நிலையான பச்சை குறைந்தது 7 விநாடி. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 20. மூட்டு வலியோடு நடக்கும் பெரியவர்கள் விநாடிக்கு 0.8 மீட்டர்தான் போவார்கள். அவர்களுக்கு அதே ரோடு 19 விநாடி. பச்சை விழுந்தவுடன் இறங்கினால் நூலிழையில் சரியாக இருக்கும். பச்சையின் கடைசியில் இறங்கினால் 12.5 விநாடியில் 10 மீட்டர்தான் கடந்திருப்பார்கள், இன்னும் 5 மீட்டர் ரோடு மீதி இருக்கும்.

அதனால் பெரியவர்களோடு போகும்போது ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பச்சையை நம்பி ஓடாதீர்கள். அதை விட்டுவிட்டு, அடுத்த பச்சை புதிதாக விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு இறங்குங்கள். நடுவில் சென்டர் மீடியன் 1.2 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் அங்கே நின்று இரண்டு தவணையாகவும் கடக்கலாம். அதைவிடக் குறுகிய மீடியனில் நிற்க வேண்டாம், பஸ்ஸின் பக்கக் கண்ணாடி தோளை உரசும்.

இன்னொன்று. கைபிடித்துக் கூட்டிப் போகிறவர் வண்டி வரும் பக்கம் இருக்க வேண்டும். முதல் பாதியில் வண்டி வலப்பக்கமிருந்து வரும், மீடியன் தாண்டினால் இடப்பக்கமிருந்து. ஆகவே மீடியனில் ஒருமுறை நின்று கை மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் இதுவேதான்.

திருப்பூர் வாசகர்: வண்டிகளுக்கு சிகப்பு விழுந்து டைமர் 40 காட்டுச்சுன்னு நம்பித்தான் இறங்கினேன். பக்கத்திலிருந்து ஒரு பைக் இடிச்சுட்டுப் போயிட்டான். தப்பு யாரு மேலீங்க?

இடித்தவர் மேல் தவறு இருக்கலாம். ஆனால் நீங்கள் பார்த்த டைமர் உங்களுக்கானது அல்ல. ஒரு திசை வண்டிகளுக்குச் சிகப்பு என்றால் நடப்பவருக்குப் பச்சை என்று பொருளில்லை. நாற்சந்தியில் உங்கள் முன்னால் நிற்கும் வண்டிகள் நின்ற அதே விநாடியில் பக்கத்து ரோட்டிலிருந்து வலது திரும்புகிறவர்கள் புறப்பட்டு நீங்கள் கடக்கும் ரோட்டுக்குள்தான் வருவார்கள். அதோடு இடது திரும்புகிறவர்கள். "ஃப்ரீ லெஃப்ட்" போர்டு இல்லாத இடத்தில் சிகப்பில் இடது திரும்ப உரிமை கிடையாது. போர்டு இருந்தாலும் கடக்கிறவருக்கு வழிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இதை நடைமுறையில் மதிக்கிறவர்கள் குறைவு, ஆகவே கடைசி மூன்றடியில் இடது திருப்பத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

பச்சை மனிதன் விளக்கே இல்லாத சந்திப்பில் வேறு வழியில்லாமல் வண்டி டைமரைத்தான் பார்க்க வேண்டும். அப்போது இப்படிக் கணக்குப் போடுங்கள்: 10 மீட்டர் ரோட்டுக்கு 9 விநாடி. டைமரில் கடைசி 3, 4 விநாடியில் பைக்குகள் முன்கூட்டியே கிளம்பிவிடும். எனவே 15-க்குக் கீழே எண் காட்டினால் இறங்காதீர்கள்.

நின்றிருக்கும் பஸ்ஸுக்கு முன்னால் கடப்பதில்தான் ஆபத்து அதிகம். பஸ் நிற்கிறது என்று அதன் முன்னால் நடப்பீர்கள். அடுத்த வரிசையில் வரும் பைக்காரருக்குப் பஸ் மறைக்கிறது, உங்களுக்கும் அவரை மறைக்கிறது. பஸ்ஸின் முன் மூலை வந்ததும் நில்லுங்கள், தலையை மட்டும் நீட்டிப் பாருங்கள், பிறகு போங்கள். பஸ், லாரியின் முகப்பை ஒட்டியும் போகக் கூடாது. உயரத்தில் இருக்கும் டிரைவருக்கு முகப்பை ஒட்டிய தரை தெரியாது, குட்டையான ஆளும் குழந்தையும் அவர் கண்ணுக்கு இல்லவே இல்லை. டிரைவர் முகம் உங்களுக்குத் தெரிகிற அளவு தள்ளி நடங்கள்.

வடவள்ளி வாசகி: கோயமுத்தூர்ல பல இடத்துல சிக்னலை எடுத்துட்டு யூ-டர்னும் ரவுண்டானாவும் வெச்சுட்டாங்க. வண்டி நிக்கறதே இல்லை. சித்த நேரம் நின்னா வழி கிடைக்கும்னு பார்த்தா கிடைக்கவே மாட்டேங்குது. அக்கட்டால எப்படிங்க போறது?

வண்டிக்காரருக்கு அந்த மாற்றத்தால் நேரம் மிச்சம், மறுக்க முடியாது. ஆனால் சிக்னல் இருந்தபோது சிகப்பு விழுந்தால் எல்லா வண்டியும் ஒரேயடியாக நின்று இடைவெளி கிடைத்தது. இப்போது அந்த இடைவெளி போய்விட்டது. சிக்னலை எடுக்கிற இடத்திலெல்லாம் பாதசாரி கடக்கத் தனியாக ஒரு சிக்னலோ மேடான ஜீப்ரா கிராசிங்கோ கூடவே வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இப்போதைக்கு, பாதி பாதியாகக் கடங்கள். ஒரு பக்க ரோடு 7 மீட்டர் என்றால் 6 விநாடி வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த 6 விநாடியில் 67 மீட்டர் வந்துவிடும், 50 என்றால் 83 மீட்டர். விளக்குக் கம்பங்கள் சுமார் 30 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் ரோட்டில், முதல் வண்டி மூன்று கம்பம் தள்ளி இருந்தால் தாராளமாகப் போகலாம். இரண்டு கம்பத்துக்குள் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். அவர் பிரேக் போட்டு நிறுத்துவார் என்று எண்ண வேண்டாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி ஆனாலே காய்ந்த ரோட்டில் நிற்க 20 மீட்டர் ஆகும், மழை ஈரத்தில் அது 30-ஐத் தொடும்.

யூ-டர்ன் திறப்பிலேயே கடக்காதீர்கள். அங்கே திரும்புகிறவர் எதிர்த்திசை வண்டிகளுக்காகத் தன் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வலப்பக்கம் நீங்கள் நிற்பது அவருக்குத் தெரியாது, இடம் கிடைத்ததும் ஒரே மிதி. திறப்பிலிருந்து ஒரு கம்பத் தூரமாவது தள்ளி, மீடியனில் நடப்பவருக்கென்று விட்ட சந்தில் கடங்கள். ரவுண்டானாவில் நடு வட்டத்துக்குப் போகவே கூடாது. வட்டத்தில் சேரும் ரோட்டில், ஒரு கார் நீளம் பின்னால் தள்ளிக் கடந்தால் வண்டிகளை ஒவ்வொரு திசையாகப் பார்த்தால் போதும்.

பொள்ளாச்சி வாசகர்: லட்சக்கணக்கில் செலவு பண்ணி நடைமேம்பாலம் கட்டறாங்க. ஒருத்தரும் ஏறக் காணோமே?

ரோட்டுக்கு மேல் 5.5 மீட்டர் இடைவெளி விட்டு, பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் 6 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். 15 சென்டிமீட்டர் படி என்றால் ஏற 40, இறங்க 40. கீழே 15 மீட்டர் நடந்தால் முடிகிற வேலைக்கு எண்பது படி! லிப்ட் ஓடினால் மட்டும் ஏறுவார்கள், அது நின்ற மறுநாளே கீழே வந்துவிடுவார்கள். நான்குவழிச்சாலைக்கு அது தேவை. கடைவீதிச் சந்திப்புக்கு ஏற்றதல்ல.

அவிநாசி வாசகி: கம்பத்துல இருக்கற பொத்தானை அமுக்குனா ஒண்ணும் ஆகறதில்லையே?

மூன்று காரணம் இருக்கலாம். வழக்கமான சிக்னலோடு சேர்ந்த பொத்தான் என்றால் உங்கள் முறை வரும்போதுதான் பச்சை வரும், அமுக்குவதால் முந்தி வராது. நடப்பவருக்கென்றே உள்ள பெலிக்கான் சிக்னல் என்றால், வண்டிகளுக்குக் குறைந்தபட்சப் பச்சை முடிந்த பிறகு உங்கள் கோரிக்கையை எடுத்துக்கொள்ளும். ஒருமுறை அமுக்கினால் போதும், பத்துமுறை அமுக்கினால் பொத்தான்தான் கெடும். மூன்றாவது, வயர் அறுந்திருக்கும். அமுக்கியதும் பொத்தானுக்கு மேல் சின்ன விளக்கு எரியும் வகையாக இருந்து, அது எரியாவிட்டால் செத்துப்போன பொத்தான். கம்பத்தைப் படம் எடுத்துப் புகார் கொடுங்கள்.

கோபி மாணவர்: முதலில் எந்தப் பக்கம் பார்ப்பது?

வலது, இடது, மறுபடி வலது. ஒருவழிப்பாதையிலும் இரண்டு பக்கமும். எதிரே வரும் பைக்குக்கு ஒருவழி தெரியாது.

பெருந்துறை வாசகர்: சிக்னலை மீறிக் கடந்து அடிபட்டா நஷ்டஈடு கிடைக்காதுன்னு சொல்றாங்களே?

அப்படி முழுசாக மறுக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் வழக்குப் போட்டால் உங்கள் பங்குக்கு உள்ள கவனக்குறைவைக் கணக்கிட்டுத் தொகையைக் குறைக்கலாம். 164-ஆம் பிரிவில் யார் தவறு என்று நிரூபிக்கவே தேவையில்லை. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், ஆகவே வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுவது பாதுகாப்பு.

கரூர் வாசகர்: எங்க சந்திப்புல நடக்கறவங்களுக்கு நேரமே பத்தலை. யாருகிட்டச் சொன்னா நடக்குமுங்க?

"நேரம் பத்தலை" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது. எண்ணோடு எழுதுங்கள். கூட்டம் அதிகமான ஒரு மணி நேரத்தில் மொபைல் ஸ்டாப்வாட்சை எடுத்து ஐந்து சுற்று அளக்கவும்: மொத்தச் சுற்று எவ்வளவு, நடப்பவர் பச்சை எவ்வளவு, மினுக்குவது எவ்வளவு. ரோட்டின் அகலத்தை டேப்பால் அளக்கப் போய் நடுரோட்டில் நிற்க வேண்டாம், ஜீப்ரா கோடுகளை ஓரத்திலிருந்தே எண்ணுங்கள். கோடு அரை மீட்டர், இடைவெளி அரை மீட்டர், ஆக ஒரு ஜோடிக்கு ஒரு மீட்டர். அந்த அகலத்தை 1.2-ஆல் வகுத்து வரும் எண்ணோடு மினுக்கும் நேரத்தை ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் அதுதான் உங்கள் மனுவின் முதல் வரி. பக்கத்தில் பள்ளியோ ஆஸ்பத்திரியோ இருந்தால் விநாடிக்கு 0.8 மீட்டர் கணக்கையும் இரண்டாவது வரியாகப் போடுங்கள்.

விநாடியை மாற்றுவது போக்குவரத்துப் போலீஸ் வேலை. கோடு அடிப்பது, நடைபாதை, மீடியன் எல்லாம் ரோடு யாருடையதோ அவர்கள் வேலை, மாநகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ. யாருடையது என்று தெரியாவிட்டால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கலெக்டர்தான் தலைவர், எல்லாத் துறையும் அங்கே ஒரே மேசையில் உட்காரும். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதிவு செய்து எண்ணை வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு: "இந்தச் சந்திப்பில் பாதசாரிப் பச்சை எத்தனை விநாடி, எந்தக் கணக்கில் வைக்கப்பட்டது?" 30 நாளில் பதில் தர வேண்டும்.

நேரம் கூட்டினால் வண்டி தேங்கும் என்று சொல்வார்கள். அப்போது கேட்க வேண்டியது, வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு 3 முதல் 7 விநாடி முன்பே நடப்பவருக்கு மட்டும் பச்சை விடும் முறை. சுற்றின் நீளம் மாறாது, இடது திரும்புகிற வண்டி கிளம்புமுன் நடப்பவர்கள் நடு ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். கண் தெரியாதவர்களுக்காகச் சத்தம் எழுப்பும் கருவியையும், ஜீப்ராவுக்கு முன்னால் நடைபாதையில் புள்ளி புடைத்த எச்சரிக்கை டைல்ஸையும் அதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் அது இன்னொரு ஃபைலாகிவிடும்.